வாங்குகிற வாய்

சேதுபதிக்கு இரண்டு வாய் என்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். ஒன்று விற்கிற வாய், மற்றொன்று வாங்குகிற வாய். பழைய சாமான் கடை வைத்திருப்பவருக்கு இரண்டும் இல்லாமல் பிழைப்பு ஓடாது. விற்கிற வாயைத் திறந்தாரென்றால் ஓட்டை விழுந்த எண்ணெய்த் தூக்குகூட அரண்மனைச் சாமானாகிவிடும். ஆனால் தெருக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது அவருடைய வாங்குகிற வாயைத்தான்.

போன மாசம் வலையபட்டியில் தேனம்மை ஆச்சி வீட்டில் நடந்ததைச் சொன்னால் போதும். ஆச்சி சென்னையில் மகன் வீட்டோடு போய் இருக்கப்போகிறார். ஒரு தேக்கு பீரோவைக் கொடுத்துவிடலாம் என்று கூப்பிட்டு அனுப்பினார். சேதுபதி போய்ப் பார்த்தார். கதவில் இரண்டு மயில்கள், ஒன்றோடொன்று கோபித்துக்கொண்ட மாதிரி கழுத்தைத் திருப்பி நின்றன. இருபத்தெட்டு வருஷத் தொழிலில் அப்படி ஒரு வேலைப்பாட்டை அவர் கண்டதில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

“என்ன ஆச்சி, இதைக் காட்டவா இம்புட்டுத் தூரம் வரச் சொன்னீக?” என்றது வாய். “கண்ணாடியில ரசம் போயிருச்சு. கால் ரெண்டும் உளுத்துப் போச்சு. இது மயிலா, கோழியா?”

ஆச்சி அசரவில்லை. அவரும் எத்தனை வியாபாரிகளைப் பார்த்தவர்! “கோழின்னா விட்டுட்டுப் போ சேதுபதி. வேற ஆளு வர்றாக” என்றார். சேதுபதி வாசல்வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். மூன்றாம் முறை திரும்பியபோது மோர் வந்தது, பேச்சு முடிந்தது. அன்று மத்தியானமே பீரோ கடைக்கு வந்து சேர்ந்தது. இதெல்லாம் இரண்டு பக்கமும் தெரிந்தே ஆடுகிற ஆட்டம். பொருள் பிடித்துவிட்டது என்று முகத்தில் காட்டிவிட்டால் தொலைந்தோம் என்பது அந்தத் தெருவில் சின்னக் கடைக்காரனுக்கும் தெரியும்.

வம்பு எங்கே வந்தது என்றால், அந்த வாயை அவர் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வராததில் வந்தது.

அவருக்கு ஒரே மகள் ரேணுகா. புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறாள். அவளுக்கு முப்பது முடியப்போகிறது. இதற்கு முன் வந்த நாலு வரன்களை அவளே வேண்டாம் என்றுவிட்டாள். ஐந்தாவதாக வந்தவன் அருள்பாண்டி. ஆராய்ச்சிக் கூடத்தில் டெக்னீஷியன். இயந்திரங்களைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டுமே என்று ஆறு மாதம் அவளிடம் இங்கிலீஷ் படிக்க வந்தவன். இங்கிலீஷும் வந்தது, இதுவும் வந்தது. சொந்தக்காரர்களில் யாரும் முகம் சுளிக்க இடமில்லை, ஜாதகமும் ஒத்துவந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசி முடிக்கவேண்டியதுதான் பாக்கி. “அப்பா, இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. பாத்துப் பேசுங்க” என்று ரேணுகா முன்கூட்டியே சொல்லியும் வைத்தாள். பாவம், பார்த்துப் பேசு என்று யாரிடம் சொல்கிறோம் என்பதை யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அருள்பாண்டி தன் அம்மா செந்தாமரையோடு வந்தான். செந்தாமரை கொத்தமங்கலத்தில் பலகாரம் சுட்டு விற்கிறவர். கணவர் தவறி பதினெட்டு வருஷம். அடுப்படியில் நின்றே மகனைப் படிக்கவைத்தவர். அன்றைக்கும் வெறுங்கையோடு வராமல் ஒரு தூக்கு நிறைய வெல்லப்பாகு போட்ட மணகோலம் கொண்டுவந்திருந்தார்.

சேதுபதி வீட்டுக் கூடத்தில் கிடந்த நாற்காலிகள் எல்லாம் கடைக்குப் போகவேண்டிய சாமான்கள். செந்தாமரை உட்காரப் போன நாற்காலி லேசாக ஆடியது. அருள்பாண்டி, “இரும்மா” என்று அம்மாவை நிறுத்தினான். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தான். காலில் ஆப்பு நழுவியிருந்தது. வாசலுக்குப் போய்த் தன் செருப்பை எடுத்துவந்து குதிகால் பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டினான். தான் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் அம்மாவை உட்காரவைத்தான். செருப்பைத் திரும்ப வாசலில் விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தான். இதையெல்லாம் யாரும் பார்க்கவேண்டும் என்று செய்யவில்லை.

சேதுபதி பார்த்தார். மரத்தை அடிக்காமல் ஆப்பை மட்டும் அடிக்கிற கை! அம்மாவை முதலில் நினைக்கிற பிள்ளை! இவனை விட்டுவிட்டால் என் மகளுக்கு இன்னொருத்தன் கிடைக்கமாட்டான் என்று அவருக்கு அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்டதும் வாங்குகிற வாய் தானாகத் திறந்தது.

“பையன் உயரம் கொஞ்சம் கம்மிதான்” என்றார்.

செந்தாமரை சிரித்துச் சமாளித்தார். “அவுக அப்பா உயரம் அண்ணே.”

“முன்னால முடியும் ஏறுது. ஆராய்ச்சிக் கூடம்னாங்களேன்னு நான் சயின்டிஸ்டுன்னு நினைச்சேன். டெக்னீஷியனா? மெஷினுக்கு எண்ணெய் போடுற வேலையா?”

அவர் மனைவி அழகி உள்ளேயிருந்து இருமினாள். இரண்டாம் இருமலுக்கு வீட்டுப் பூனை எழுந்து போனது, சேதுபதி அசையவில்லை. காலை ஆட்டிக்கொண்டு, பொருளை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிற அதே தோரணையில், “கொத்தமங்கலத்துல வீடு எப்படி? ஓட்டு வீடுதானே? மழைக்கு ஒழுகுமே?” என்றார். காபியோடு வந்த ரேணுகா கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். அழகிதான் வந்து தட்டை வாங்கிக் காபியைக் கொடுத்தாள்.

அருள்பாண்டியின் முகம் சிவந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் செந்தாமரை எழுந்துவிட்டார். காபியை ஒரு வாய் குடித்தார்; மரியாதைக்குக் குடித்தது. “கலந்துக்கிட்டுச் சொல்லிவிடுறோம் அண்ணே” என்றார். கலந்துகொள்ள அந்த வீட்டில் அம்மாவையும் மகனையும் தவிர வேறு ஆள் இல்லை. அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அழகி தலையில் அடித்துக்கொண்டாள். ரேணுகா அழவில்லை. நேராக அப்பா முன்னால் வந்து நின்றாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்களை எழுப்புகிற குரல் வந்தது.

“நீங்க இப்பச் செஞ்சதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கு. டிஸ்பேரேஜ்.”

“நான் யாரையும் வையலையே ஆத்தா.”

“வையுறதுக்கு வேற வார்த்தைப்பா. வஞ்சாப் பரவாயில்ல, திருப்பி வஞ்சுட்டுப் போயிருப்பாக. இது வேற. ஒருத்தர் செஞ்ச வேலை, ஒருத்தர் படிச்ச படிப்பு, குடியிருக்குற வீடு, எதையாச்சும் எடுத்து வச்சுக்கிட்டு, இது என்ன பெரிய விஷயமான்னு மதிப்பைக் குறைச்சுப் பேசுறது. சத்தம் போட வேண்டாம், கெட்ட வார்த்தை வேண்டாம். காலை ஆட்டிக்கிட்டே செய்யலாம். பெரிய கம்பெனிகள்ல வேலையை விட்டுப் போறவுககிட்ட, வெளிய போயி எங்களை டிஸ்பேரேஜ் பண்ண மாட்டோம்னு கையெழுத்தே வாங்குவாக. அம்புட்டு சேதாரம் அந்த வார்த்தையில.”

சேதுபதி காலை ஆட்டுவதை நிறுத்தினார். வருத்தப்படவேண்டிய இடம்தான். ஆனால் பழைய சாமான்காரருக்கு எந்த வேளையிலும் புத்தி ஒரே பக்கம்தான் போகும். “வார்த்தை ரொம்பப் பழசோ?” என்று கேட்டார்.

“அறுநூறு வருசத்துக்கு மேல.”

“அடேயப்பா! எந்த ஊரு?”

ரேணுகாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். “பிரெஞ்சுக்காரங்ககிட்ட இருந்து வந்தது. முதல்ல அதுக்கு அர்த்தமே பேச்சைப் பத்தினது இல்ல. கல்யாணத்தைப் பத்தினது. ‘பராஜ்’னா அந்தஸ்து, குலம். அதுக்கும் பின்னால போனா சமம்னு அர்த்தம் வர்ற லத்தீன் வார்த்தை நிக்குது. ஒருத்தரை அந்தஸ்து குறைஞ்ச இடத்துல கட்டிக்குடுத்துட்டா, அதைத்தான் டிஸ்பேரேஜ்னு சொன்னாக. அப்பன் இல்லாத பிள்ளைகளுக்குப் அந்த ஊர்ப் பிரபுதான் கார்டியன். அவன் இஷ்டத்துக்கு எங்கயாச்சும் தள்ளிவிட்டுருவான். அப்படித் தள்ளக் கூடாதுன்னு இங்கிலாந்துல சட்டமே போட்டாக. அதுக்குப் பெறகு எந்த வகையில அந்தஸ்தைக் குறைச்சாலும் அதே வார்த்தை. கடைசியில வாயால குறைக்கிறதுக்கே அந்தப் பேரு நிலைச்சுப் போச்சு.”

“கல்யாணத்துல பொறந்த வார்த்தையா?” என்றார் சேதுபதி மெதுவாக.

“ஆமாம்ப்பா. அவுக காதுல அந்தப் பழைய அர்த்தந்தான் விழுந்திருக்கும். எங்க பொண்ணை உங்க ஓட்டு வீட்டுக்குக் குடுத்தா எங்களுக்குக் குறைச்சல்னு நீங்க சொன்னதாத்தான் அந்தம்மா கேட்டுட்டுப் போறாக.” இவ்வளவு நேரம் டீச்சராக நின்றவளுக்கு இந்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது. “எனக்கு முப்பது வயசுல ஒருத்தரைப் பிடிச்சுச்சுப்பா.”

“எனக்கும் பிடிச்சுச்சு ஆத்தா” என்றார் அவர். “பாத்ததுமே பிடிச்சுப் போச்சு.”

ரேணுகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இதற்கு எந்த மொழியிலும் வார்த்தை இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுக்க அப்பாவிடம் பேசவில்லை. மறுநாள் காலை அவள் வகுப்புக்குக் கிளம்பும்போது, “சாவி மாடத்துல இருக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். சேதுபதிக்கு அது பீரோவே தலையில் விழுந்த மாதிரி இருந்தது. கடையைத் திறக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, “கிளம்பு, கொத்தமங்கலம் போவோம்” என்று அழகியைக் கூப்பிட்டு வண்டியை எடுத்தார்.

“போயி என்ன பேசப்போறீக?”

“புகழப்போறேன்” என்றார்.

அழகி முனீஸ்வரனுக்கு ஒரு கும்பிடு போட்டாள். பிறகுதான் ஏறி உட்கார்ந்தாள்.

செந்தாமரை வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யார் வீட்டுச் சடங்குக்கோ தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் இறுகியது. ஆனாலும் வாங்க என்று சொல்லி, பாயை விரித்துப் போட்டார். அருள்பாண்டி வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் தூணோரம் நின்றான். சேதுபதி தொண்டையைச் செருமிக்கொண்டார். இங்கேதான் அடுத்த வினை. மனிதர் ஆயுளில் ஒரு பொருளைப் புகழ்ந்ததென்றால் அது விற்கும்போதுதான். இன்னொரு விதமாகப் புகழ அவருக்குத் தெரியாது.

“வீடுன்னா இதுல்ல வீடு!” என்று ஆரம்பித்தார். “இந்த மாதிரி ஓடு இப்பத் தேடினாலும் கிடைக்காது. தேன்குழலைப் பாருங்க, ஒரு புரி விலகலை! தம்பி இருக்காரே, அப்படியே ஒரே மரத்துல கடைஞ்ச மாதிரி. எங்க ரேணுகாவை எடுத்துக்குங்க, ஒரு கீறல் கிடையாது. இதை விட்டா இன்னொன்னு அமையாது தங்கச்சி. நேத்துக்கூட ரெண்டு பேரு கேட்டு வந்தாக.”

அழகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செந்தாமரை தேன்குழல் அச்சைக் கீழே வைத்தார். “அண்ணே, உங்க கடைத்தெரு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீகளா? நேத்து என் பிள்ளையை மட்டந்தட்டினீக. இன்னிக்கு வந்து பொண்ணைப் புகழுறீக. தள்ளிவிட வேண்டிய சாமானைத்தானே நீங்கள்லாம் இப்படிப் புகழுவீக? ரெண்டு பேரு கேட்டு வந்தாகன்னா அவுககிட்டயே குடுக்கலாமே? பொண்ணுகிட்ட என்ன குறை இருக்கு? அதை முதல்ல சொல்லுங்க.”

சேதுபதிக்கு விற்கிற வாய் மூடிக்கொண்டது. வாங்குகிற வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. இரண்டையும் விட்டால் அவரிடம் வேறு வாயே இல்லை. என் பெண்ணைக் குறையுள்ளவள் என்று நினைக்கவைத்துவிட்டேனே என்ற எண்ணம் வந்ததும் கண் கலங்கிவிட்டது. சந்தையில் ஏமாந்து நிற்கிற ஆள் மாதிரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவகிட்டக் குறை இல்ல தாயி. குறை எங்கிட்ட. நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். எங்க தொழில்ல வேண்டாத பொருளை ஒருத்தனும் குறை சொல்லமாட்டான். பாத்தும் பாக்காத மாதிரிப் போயிருவான். தூங்கவிடாம மனசைப் பிடிச்சு இழுக்குற பொருள் ஏதோ, அதைத்தான் உளுத்துப்போச்சு, உடைஞ்சுபோச்சுன்னு சொல்லுவோம். பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா கைவிட்டுப் போயிருமோன்னு பயம். நேத்துத் தம்பி அந்த நாற்காலியில ஆப்பைத் தட்டினாரே, அப்பவே எனக்கு அந்தப் பயம் வந்துருச்சு. பயந்து என்னென்னமோ உளறிட்டேன். நான் செஞ்சதுக்கு என் மக ஒரு வார்த்தை சொன்னா. குறைஞ்ச இடத்துல பிள்ளையைக் கட்டிக்குடுக்குறதுக்குத்தான் அந்தக் காலத்துல அதைச் சொல்லுவாகளாம். அந்த அர்த்தத்துல நான் நினைக்கலை. இந்த வீட்டுல பதினெட்டு வருசமா அடுப்பு அணையாம எரிஞ்சு ஒரு பிள்ளை ஆளாகியிருக்கு. இதை விட ஒசந்த இடம் எங்க இருக்குன்னு நான் தேடுவேன்?”

அவர் ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். அடுத்த சொற்களை அவர் எந்த வீட்டிலும், எந்த ஏலத்திலும், எந்தப் பொருளுக்கு முன்னாலும் சொன்னதில்லை.

“எனக்கு உங்க மகன் வேணும், தங்கச்சி.”

எண்ணெய்ச் சட்டியில் கிடந்த தேன்குழல் சிவந்துகொண்டிருந்தது. அதை எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அருள்பாண்டிதான் போய்க் கரண்டியால் அள்ளி வடிதட்டில் போட்டான். தூணுக்குத் திரும்பி வந்தபோது அவன் உதட்டோரம் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே,” என்றார் செந்தாமரை. “வேணும்னு வாய்விட்டுச் சொல்லிட்டீக. இதுக்கு மேல நீங்க பேரம் பேச முடியாது, தெரியுமில்ல?”

“தெரியும்.”

“நான் என்ன சொன்னாலும் சரிதானா?”

“சரி.”

“அப்ப உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும். நேத்து நாங்க உங்க வீட்டுல சாப்பிடாம வந்துட்டோம். அது எனக்கு மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு.” அழகியின் கையைப் பிடித்து, “வாங்க மதினி, அங்குட்டுப் புகை அடிக்கும், இங்குட்டு உக்காருங்க” என்றார். அழகி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அருள்பாண்டி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். வகுப்பு நடுவில் ரேணுகா போனை எடுத்தாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முப்பது பேர் கைதட்டுகிற சத்தம் வாசலைத் தாண்டிக் கூடத்துக்கே கேட்டது.

நாலு இட்லி கேட்டு எட்டு சாப்பிட்டு, தை மாதத்தில் தேதி பார்ப்பது என்று பேசி முடித்து, மத்தியானம்தான் இருவரும் கிளம்பினார்கள். சேதுபதிக்கு வண்டி தரையில் ஓடுவதாகவே தோன்றவில்லை. கல்யாணத்துக்கு எந்தச் சமையல்காரர், எத்தனை பந்தி என்று வழி நெடுக அவரே பேசிக்கொண்டு வந்தார். காரைக்குடி எல்லை வந்த பிறகுதான் பின்னாலிருந்து ஒரு ‘உம்’கூட வரவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

“என்ன, பேச்சையே காணோம்?”

“ஒன்னுமில்ல” என்றாள் அழகி. பிறகு, “வேணும்னு ஒரு வார்த்தை உங்க வாயில இருக்குன்னே எனக்குத் தெரியாம இருந்திருக்கேன்” என்றாள். “கட்டிக்கிட்டு முப்பத்தோரு வருசம் ஆச்சு.”

சேதுபதி வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியில் பார்த்தார். அதில் அழகியின் ஒரு கண்ணும் காதுத் தோடும் மட்டும் தெரிந்தன. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

“உனக்கென்ன, வயசான காலத்துல, வண்டி டயரு அமுங்குற அளவுக்கு வெயிட்டு வேற...” என்று வாய் ஆரம்பித்தது. அவரே அதை நிறுத்தினார். ஒரு லாரி போகட்டும் என்று காத்திருந்தார். அது போனபின் ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை. இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை.

“வேணும்தான்” என்றார் ரோட்டைப் பார்த்தபடி. “அன்னிக்கும் வேணும்னுதான் வந்தேன்.”

இத்தனை வருஷமும் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்த அழகி, கையை எடுத்து அவர் தோளில் வைத்தாள். “மெதுவாப் போங்க” என்றாள்.